ஆர்க்கிடெக்ட் ஆகணும் என்கிற பிள்ளைக்கு முதலில் ஒரு அளக்கும் டேப் வாங்கிக் கொடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால் யார் யார் வருவார்கள்? கான்ட்ராக்டர் வருவார். பிளான் போட்டு அனுமதி வாங்கித்தர ஒரு இன்ஜினியர் வருவார். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், ஆசாரி வருவார்கள். வாசலை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்ல வாஸ்துக்காரரும் வந்துவிடுவார். ஆர்க்கிடெக்ட் என்று ஒருவர் பெரும்பாலும் வருவதே இல்லை. அதனால்தான் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘நான் ஆர்க்கிடெக்ட் ஆகப் போறேன்’ என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் அது சரியாகப் பிடிபடுவதில்லை. ‘அது இன்ஜினியர்தானே, பேசாம சிவில் படி மக்ளே’ என்பார் அப்பா. ‘அவளுக்குப் படம் நல்லா வரும், அதான் கேக்கா’ என்பார் அம்மா. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

கட்டடம் விழாமல் நிற்க வேண்டும் என்பது சிவில் இன்ஜினியரின் முதல் கவலை. அதற்குள் மனிதர்கள் எப்படி நடமாடுவார்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் வரும், மழைத்தண்ணீர் எங்கே போகும், அடுக்களையில் நிற்கிறவருக்கு முற்றத்தில் விளையாடும் பிள்ளை தெரியுமா, இதெல்லாம் ஆர்க்கிடெக்டின் முதல் கவலை. நல்ல இன்ஜினியர் இதையும் யோசிப்பார், நல்ல ஆர்க்கிடெக்டுக்கு அதுவும் தெரியும். ஆனாலும் படிப்பு தொடங்குகிற இடம் வேறு.

இரண்டுக்கும் உதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். 1966இல் முடிந்த வேலை. பறளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே, ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எடை, தூண் எத்தனை என்பதுதான் அங்கே கேள்வி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த அழகு கணக்கிலிருந்து வந்தது. அங்கிருந்து கிளம்பி பத்மநாபபுரம் அரண்மனைக்கு வாருங்கள். இங்கே கேள்விகள் வேறு. ராஜா ஆலோசனை நடத்தும் அறை வெயிலில் சூடாகாமல் இருக்க என்ன செய்வது? வெளியிலிருந்து வருகிறவன் எத்தனை வாசல் தாண்டி உள்ளே போக வேண்டும்? ஊட்டுப்புரையில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் காற்று எப்படி வரும்? இவற்றுக்கு மரத்திலும் ஓட்டிலும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

சட்டத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் காப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைத்தான், வேலையை அல்ல. வீட்டை வடிவமைக்கும் வேலையை மற்றவர்களும் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிள்ளை ஐந்து வருடம் படித்து வெளியே வந்தால், அதே தெருவில் குறைந்த ரேட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறவரோடும் போட்டி போட வேண்டியிருக்கும். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சரி, பதின்மூன்று பதினான்கு வயதில் இதற்கு எப்படித் தயாராவது? உடனே நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு கோச்சிங் சென்டரைத் தேடுகிறார்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வயதில் வர வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: கட்டிய எதைப் பார்த்தாலும் அதை அளப்பது, ஏன் இந்த அளவு என்று கேட்பது. ஐந்து மீட்டர் டேப் ஒன்று, கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில். முதல் வருடத்துக்கு இது போதும்.

வீட்டை வெட்டிப் பார்ப்பது

ஆர்க்கிடெக்டுகள் பேசும் மொழியில் மூன்று வகைப் படங்கள் உண்டு: பிளான், செக்‌ஷன், எலிவேஷன். பெரியவர்களே இதில் குழம்புவார்கள். பலாப்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்டி மேலிருந்து பார்த்தால் பிளான். மேலிருந்து கீழாகப் பிளந்து பக்கவாட்டில் பார்த்தால் செக்‌ஷன். வெட்டாமல் தள்ளி நின்று நேராகப் பார்த்தால் எலிவேஷன். வீட்டின் பிளான் என்பது தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் வீட்டைக் கிடைமட்டமாக வெட்டி, மேல்பாதியை எடுத்துவிட்டுக் கீழே பார்ப்பது. அந்த உயரத்தில் வெட்டுவதால்தான் கதவும் ஜன்னலும் அதில் தெரிகின்றன.

முதல் பயிற்சி, தான் படுக்கும் அறையை அளந்து வரைவது. 1:50 என்ற அளவில் வரையச் சொல்லுங்கள். அறையில் ஒரு மீட்டர் இருந்தால் தாளில் இரண்டு சென்டிமீட்டர். 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறை, அதாவது கிட்டத்தட்ட பத்துக்குப் பன்னிரண்டு, தாளில் 6 சென்டிமீட்டருக்கு 7.2 சென்டிமீட்டர் ஆகிவிடும். நாலு சுவரையும் அளந்த பிறகு மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு பக்கம் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் அறை மூலைமட்டமாக இருக்கிறது. பல வீடுகளில் வராது. ஒரு விரற்கடை, சில சமயம் இரண்டு விரற்கடை வித்தியாசம் இருக்கும். கட்டில் ஏன் சுவரோடு ஒட்டாமல் ஒரு பக்கம் இடைவெளி விடுகிறது என்பது அன்றைக்குத்தான் புரியும்.

அடுத்தது முழு வீடு. இங்கேதான் பிள்ளை முதல்முறை முட்டிக்கொள்வான். உள்ளே அறை அறையாக அளந்து கூட்டிய கணக்கும் வெளியே அளந்த கணக்கும் ஒத்துவராது. இரண்டடி, மூன்றடி காணாமல் போயிருக்கும். நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள். சுவருக்கும் கனம் உண்டு, ஒவ்வொரு செங்கல் சுவரும் ஒன்பது அங்குலத்தை விழுங்கியிருக்கிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். காகிதத்தில் ஒற்றைக்கோடாகப் போட்டு வந்த சுவர் அதன்பிறகு இரட்டைக்கோடாக மாறும்.

செக்‌ஷன் வரைய உயரம் தெரிய வேண்டும். மாடி வீடாக இருந்தால் மாடிப்படியே அளவுகோல். ஒரு படியின் உயரத்தை அளந்து, மொத்தம் எத்தனை ஏற்றம் என்று எண்ணிப் பெருக்கினால் போதும். ஏழு அங்குல உயரத்தில் பதினெட்டு ஏற்றம் என்றால் 126 அங்குலம், பத்தரை அடி. உள்ளே தரைக்கும் கூரைக்கும் பத்தடி இருந்தால், மீதி அரையடி கான்கிரீட் தளமும் அதன்மேல் தரையும்.

மாடிப்படி என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கட்டடக் கலையைச் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 24 அங்குலம் வர வேண்டும் என்பது பழைய கணக்கு. நாம் நடக்கும் ஒரு எட்டின் நீளத்திலிருந்து வந்தது அது. உயரம் ஏழு, அகலம் பத்து என்றால் சரியாக 24. இப்போது வீட்டில், பள்ளிக்கூடத்தில், பேருந்து நிலையத்தில், கோயில் குளத்தில் என்று பார்க்கிற படியையெல்லாம் அளந்து ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். பக்கத்தில், ஏறும்போது மூச்சு வாங்கியதா என்றும் எழுதட்டும். உயரம் எட்டரை, அகலம் ஒன்பது என்று இடத்தை மிச்சம் பிடித்துக் கட்டிய படியில் ஆச்சி ஏன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறார் என்பதற்கு அந்த அட்டவணையிலேயே பதில் இருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் படும். பல வீடுகளில் கீழே முதல் படியும் மேலே கடைசிப் படியும் மற்றவற்றிலிருந்து ஒரு அங்குலம் கூடவோ குறையவோ இருக்கும். படியைக் கான்கிரீட்டில் வார்க்கும்போது, பின்னால் தரையில் போடப்போகும் டைல்ஸின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் வந்த வினை அது. நம் கால் இரண்டு படி ஏறியதும் அளவை மனப்பாடம் செய்துகொள்ளும். நடுவில் அளவு மாறினால் தடுக்கும். இப்படி ஒரு விஷயத்தைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அதன்பிறகு நீங்கள் ஊக்கம் கொடுக்க வேண்டிய தேவையே இருக்காது.

வெயிலும் மழையும்

கட்டடக் கலைப் புத்தகங்கள் பலவும் குளிர்நாட்டிலிருந்து வந்தவை. வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் விழாது என்று அவற்றில் எழுதியிருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் கிட்டத்தட்ட 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நம்பாத பிள்ளையை மே மாதம் பகல் பன்னிரண்டேகால் வாக்கில் மொட்டை மாடிக்கு அனுப்பி ஒரு குச்சியை நட்டு வைக்கச் சொல்லுங்கள். நிழல் தெற்கே விழும். டிசம்பரில் அதே குச்சி வடக்கே நிழல் போடும். வடக்கு ஜன்னலுக்கும் மேலே சன்ஷேடு ஏன் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு குச்சி போதும்.

மழையும் அப்படித்தான். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் வேறு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் வீட்டில் ஆண்டின் பெரும்பகுதி சுவர் நனைந்துகொண்டே இருக்கும். ஓட்டுக்கூரை சரிவாகவும் இறவாரம் நீண்டும் இறங்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மழை குறைவு. ஆனால் ஜூன் தொடங்கி சில மாதம் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, முப்பந்தல் காற்றாலைகளே சொல்லும். அங்கே கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே பெரிய பிரச்சினை. ஒரே மாவட்டம், ஒன்றரை மணி நேரப் பயணம், இரண்டு விதமான வீடு. இப்போது இரண்டு ஊரிலும் இணையத்தில் பார்த்த ஒரே மாதிரிப் பெட்டி வீட்டைத்தான் கட்டுகிறார்கள் என்பது எனக்குள்ள வருத்தம். உறவுக்காரர் வீடுகளுக்குப் போகும்போது பிள்ளை இந்த வித்தியாசத்தை நோட்டில் குறித்துவரட்டும்: இறவாரம் சுவரைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது, சுவரில் எந்த உயரம்வரை பாசி பிடித்திருக்கிறது, எந்த ஜன்னலை யாரும் திறப்பதே இல்லை.

பார்க்கப் போகும் இடங்கள்

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிச் சுற்றுலாவில் எல்லாப் பிள்ளைகளும் போயிருப்பார்கள். வரிசையில் நடந்து, கட்டிலையும் வாளையும் பார்த்துவிட்டு வெளியே வந்திருப்பார்கள். இன்னொரு முறை தனியாகக் கூட்டிப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான்.

முழு அரண்மனையையும் பார்க்க வேண்டாம். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஒரு ஜன்னல் போதும். மரச் சட்டங்கள் எந்தச் சாய்வில் நிற்கின்றன, காற்று எப்படி உள்ளே வருகிறது, வெயில் ஏன் வரவில்லை என்று பக்கவாட்டில் ஒரு படம் போடட்டும். அதுவே ஒரு செக்‌ஷன். அப்புறம் தரை. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகியது என்று வழிகாட்டி சொல்வார். அந்தக் கறுப்பு மினுமினுப்புத் தரை, குறைந்த வெளிச்சத்தில் அறையை எப்படி மாற்றுகிறது என்பதையும் பிள்ளை கவனிக்க வேண்டும். பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் நடுமுற்றத்தை ஒட்டி நின்று பாருங்கள். நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மழையும் வெளிச்சமும் நடுவில் இறங்கும். பெரியம்மா வீடோ தாத்தா வீடோ பழைய நாலுகட்டு வீடாக இருந்தால் அங்கேயும் இதே கணக்குதான், அளவு மட்டும் சின்னது.

இரண்டாவது இடம் திருவனந்தபுரம் தம்பானூர். நாகர்கோவில் பஸ்ஸில் போய் இறங்கினால் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் உருளையாக நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ். வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் அங்கேயே இறந்தவர். குறைந்த செலவில், அந்தந்த ஊர்ப் பொருளை வைத்துக் கட்டுவதில் அவர் காட்டிய வழியைப் பின்பற்றுகிறவர்கள் இன்றும் கேரளம் முழுக்க இருக்கிறார்கள். பீட்ரூட் போட்ட அந்த மசால்தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளை கவனிக்கட்டும். தரை முழுக்கச் சாய்ந்து சுற்றிச் சுற்றி மேலே போகிறது. மாடி என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் காபி டம்ளர் சரிவதில்லை, ஏனென்றால் மேசையும் இருக்கையும் மட்டமாக, கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. சுவரில் வரிசையாக ஓட்டைகள். கண்ணாடி ஜன்னல் இல்லாமலே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. சின்ன மனை, நிறைய ஆட்கள், குறைந்த காசு என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் இது.

பேக்கர் பரவலாகப் பயன்படுத்திய ‘ராட் டிராப்’ (எலிப்பொறி) சுவரையும் பிள்ளைக்குக் காட்டலாம். செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குள்ளே வெற்றிடம் விழும். செங்கல் கால்வாசி மிச்சம், உள்ளிருக்கும் காற்று சூட்டையும் தடுக்கும். வீட்டில் பத்திருபது தீப்பெட்டியை வைத்தே இந்த அடுக்கைச் செய்து பார்த்துவிடலாம்.

கடைசியாக ஒரு இடம், உங்கள் தெருவிலேயே நடக்கும் வீட்டுவேலை. கொத்தனாரிடம் கேட்டால் சலிக்காமல் சொல்லித் தருவார். தூக்குக்குண்டு எதற்கு, ரசமட்டம் எதற்கு, நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு தூணுக்கும் எப்படி ஒரே மட்டம் பிடிக்கிறார்கள் என்று பார்க்கட்டும். மனையில் மூலை எடுக்கும்போது மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று கயிறு பிடிப்பார்கள். பள்ளியில் பிதாகரஸ் தேற்றம் எதற்கு என்று கேட்ட பிள்ளைக்கு அந்தக் கயிறே பதில். ஆசாரியிடம் கேட்டால் கோல் கணக்கைச் சொல்வார்: 24 விரல் ஒரு கோல், இன்றைய அளவில் ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் தூணும் உத்திரமும் அந்தக் கணக்கில் செய்தவைதான்.

வாஸ்து பற்றிப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? என் பதில் இதுதான்: எந்த விதியைச் சொன்னாலும் அதை வெயில், காற்று, மழையோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலதுக்குக் காரணம் கிடைக்கும், சிலதுக்குக் கிடைக்காது. நாளைக்குத் தொழிலுக்கு வந்தால் வீட்டுக்காரர் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைக் கேட்பார்கள், ஆகவே கேலி செய்து பழக வேண்டாம்.

படம் வரையத் தெரியணுமா?

தெரியணும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி அல்ல. சாமி படமும் நடிகர் முகமும் அச்சாக வரைவது வேறு திறமை. இங்கே தேவைப்படுவது, மனதில் இருப்பதை இன்னொருவருக்குப் புரிகிற மாதிரி வேகமாகப் போட்டுக் காட்டுவது. கோடு கொஞ்சம் நடுங்கினாலும் பரவாயில்லை, விகிதம் சரியாக இருக்க வேண்டும். கதவு ஏழடி என்றால் பக்கத்தில் நிற்கிற ஆள் அதற்குள் நுழைகிற உயரத்தில் இருக்க வேண்டும். 2பி, 4பி, 6பி பென்சில் ஒவ்வொன்று, வெள்ளைத் தாள் நோட்டு ஒன்று, தினமும் அரைமணி நேரம். டீக்கடை பெஞ்சு, கிணற்று ராட்டு, பஸ் ஸ்டாண்டு கூரை என்று கண்முன்னால் இருப்பதை வரையட்டும். போட்டோவைப் பார்த்து வரைவதை முடிந்தவரை குறைத்துக்கொள்வது நல்லது. தட்டையான படத்திலிருந்து தட்டையான படம் எடுத்தால் ஆழம் பிடிபடாது.

அட்டையில் மாதிரி செய்வதை நான் இன்னும் மேலே வைப்பேன். பிஸ்கட் அட்டைப் பெட்டி, ஸ்டீல் ஸ்கேல், கட்டர், பெவிகால் போதும். தான் அளந்த அதே அறையை 1:50இல் செய்து, ஜன்னலை வெட்டி, மாலை நாலு மணி வெயிலில் வைத்துக் கண்ணை ஒட்டி உள்ளே பார்க்கட்டும். பிறகு ஜன்னலை அடைத்து வேறு சுவரில் வெட்டிப் பார்க்கட்டும். முதல் வருடக் கல்லூரி மாணவர்கள் செய்வதும் இதைத்தான்.

கம்ப்யூட்டரில் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் எல்லாம் இப்போதே கற்றுத்தருகிறோம் என்று விளம்பரம் வரும். அவசரமில்லை. ஆர்வம் இருந்தால் ஸ்கெட்ச்அப்பின் இலவச இணையப் பதிப்பைத் தட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

குரூப், தேர்வு, எல்லைச் சிக்கல்

இந்தப் பகுதியை மட்டும் பெற்றோர் கவனமாகப் படியுங்கள். பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாத பகுதி இது.

பிளஸ் ஒன்னில் கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப்பைத்தான் எடுக்க வேண்டும். படம் வரைகிற பிள்ளைதானே, கணக்கு எதற்கு என்று கணிதம் இல்லாத குரூப்பில் சேர்த்துவிட்டால், ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான பி.ஆர்க். படிப்பின் கதவு அங்கேயே மூடிவிடும். கணிதம் எடுத்துப் படித்த மூன்று வருட டிப்ளமோக்காரர்களுக்கும் வழி உண்டு.

பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு. நுழைய இரண்டு முக்கியத் தேர்வுகள். ஒன்று நாட்டா. 2006 முதல் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நடத்துவது. மொத்தம் 200 மதிப்பெண். அதில் 80 கையால் வரைவதற்கும், கொடுக்கும் பொருட்களை வைத்து ஒரு முப்பரிமாண வடிவம் செய்து காட்டுவதற்கும். மீதி 120 கணினியில் பதில் சொல்லும் பகுதி. மேலே சொன்ன அட்டை வேலை வீண்போகாது என்பது இதிலிருந்தே தெரியும். இரண்டாவது, ஜேஇஇ மெயின் தேர்வின் தாள் 2ஏ. கணிதம், ஆப்டிட்யூட், ஓவியம் சேர்த்து 400 மதிப்பெண். திருச்சி, கோழிக்கோடு போன்ற என்ஐடிகளுக்கும் தில்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்பிஏ (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) கல்லூரிகளுக்கும் இதுதான் வழி. காரக்பூர், ரூர்க்கி ஐஐடிகள் வேண்டுமென்றால் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதி, அதன்மேல் ஏஏடி என்ற திறனறித் தேர்வும் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கும் நாட்டா அல்லது ஜேஇஇ மதிப்பெண்ணை 200க்கும் மாற்றி, மொத்தம் 400க்குத் தரவரிசை போடுகிறார்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி, மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்றவை இந்த வழியில் வருபவை. பிளஸ் டூவைக் கோட்டைவிட்டு நாட்டாவில் மட்டும் அள்ளினாலும் பயனில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி எல்லைச் சிக்கல். களியக்காவிளை, கொல்லங்கோடு, செங்கோட்டை போன்ற ஊர்களில் பல பிள்ளைகள் எல்லை தாண்டிப் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ புனலூரிலோ படிக்கிறார்கள். ஜேஇஇயில் ஒருவரின் சொந்த மாநிலம் எது என்பதைப் பிளஸ் டூ எழுதித் தேர்ச்சி பெற்ற மாநிலத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. என்ஐடிகளில் பாதி இடம் சொந்த மாநிலத்தவருக்கு. ஆகவே பாறசாலையில் பிளஸ் டூ முடித்த களியக்காவிளைப் பிள்ளைக்குக் கோழிக்கோடு என்ஐடி சொந்த மாநிலம், திருச்சி வெளி மாநிலம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கணக்கு வேறு. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவருக்குப் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. கேரளத்தில் படித்திருந்தால் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். கேரளத்தின் கீம் என்ற நுழைவு முறை வழியாகத் திருவனந்தபுரம் சிஇடி (பொறியியல் கல்லூரி) போன்ற கல்லூரியில் சேர நினைத்தால், அங்கே கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்டவருக்கே முன்னுரிமை. எந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மே மாதத்திலேயே இதையெல்லாம் யோசிப்பது நல்லது. தகுதி விதிகள் வருடா வருடம் கொஞ்சம் மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைத் தரவிறக்கி முழுசாகப் படியுங்கள்.

கல்லூரிக்குள் எப்படி இருக்கும்

மற்றப் படிப்புகளில் தேர்வுக்கு முந்தைய வாரம் விழித்திருந்தால் ஒப்பேற்றிவிடலாம். இங்கே ஸ்டுடியோ என்ற டிசைன் வகுப்பு வருடம் முழுக்க ஓடும். ஒரு வேலையைக் கொடுப்பார்கள், பிள்ளை வரைந்து மாதிரி செய்துகொண்டு போய் எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். அதற்கு ஜூரி என்று பெயர். ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். ‘ஏன் இந்த ஜன்னல் இங்கே?’ என்று கேட்டால் ‘அழகா இருக்கு’ என்ற பதில் செல்லாது. இரவெல்லாம் செய்த மாதிரியைப் பார்த்து ‘இது வேலை செய்யாது’ என்று சொல்லிவிடுவார்கள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போன் பண்ணும் பிள்ளைகள் உண்டு. விமர்சனத்தைக் கேட்டு, அடுத்த நாள் திருத்தி வரைகிற மனசு இதற்குக் கட்டாயம் வேண்டும். அது உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா என்பதை அந்த அட்டை மாதிரிகளை வைத்தே இப்போது சோதித்துவிடலாம். ‘இந்த ஜன்னலை மாத்தினா என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். கோபம் வருகிறதா, கட்டரை எடுக்கிறானா?

படிப்புக்கு நடுவில் குறைந்தது ஒரு செமஸ்டர் ஏதாவது ஆர்க்கிடெக்டிடம் பயிற்சிக்குப் போக வேண்டும். தாள், அட்டை, பிரிண்ட், ஓரளவு நல்ல லேப்டாப் என்று கல்லூரிக் கட்டணத்துக்கு வெளியேயும் செலவு உண்டு. வெளியே வந்ததும் முதல் சில வருடச் சம்பளம், அதே வயதில் சாப்ட்வேர் வேலைக்குப் போன நண்பனுடையதைவிடக் குறைவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பெயர் எடுத்து, நாலு வீட்டுக்காரர் தேடி வரும்வரை பொறுமை வேண்டும். இதையெல்லாம் சொன்ன பிறகும் பிள்ளை டேப்பைக் கீழே வைக்கவில்லை என்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

அளப்பது பிடிக்கிறது, வரைவது பிடிக்கவில்லை என்றால் சிவிலை யோசிக்கலாம். தனி வீட்டைவிட ஊர், சாலை, பஸ் வழி என்று பெரிதாக யோசிக்கிற பிள்ளைக்கு பி.பிளான் என்று நகரமைப்புப் படிப்பு தனியாக இருக்கிறது. உள்ளலங்காரம்தான் ஆசை என்றால் அதற்கும் தனிப் படிப்புகள் உண்டு. இவற்றில் எதுவும் இரண்டாம்தரம் இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன்னால் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு அந்த வருடம் அனுமதி இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஐந்து வருடம் படித்தால் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது, ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகையும் மாட்ட முடியாது. அப்படியே ஒரு நாள் கல்லூரிக்கு நேரில் போய் ஸ்டுடியோவைப் பார்த்துவிட்டு வாருங்கள். மேசையெல்லாம் வெட்டுக்காயமும் பசைக்கறையுமாக இருந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்.